அமைதி ஒருவருக்கு மட்டும் போதுமா?



"பணியும் மன அமைதியும்" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். இதற்கு உதாரணம் தேடி நான் இமயமலைக்குப் போகப் போவதில்லை. நம் மதுரை அண்ணா நகருக்குப் போனால் போதும். 1976-ல் அங்கே ஒரு வாடகை வீட்டில் 11 படுக்கைகளைப் போட்டு ஒரு கண் மருத்துவமனை தொடங்கியது. தொடங்கியவருக்கு அப்போது 58 வயது. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. ஊரும் உலகமும் டாக்டர் வி. என்று அழைத்த மனிதர். அந்த 11 படுக்கைதான் இன்றைய அரவிந்த் கண் மருத்துவமனை.

அவருடைய கைகளை நேரில் பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளைந்து, கணுக்கள் முறுக்கிக்கொண்டு கிடக்கும். எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் என்ற கரிசல் காட்டுக் கிராமத்துப் பிள்ளை அவர். சொந்தத்தில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் இறந்துபோனதைப் பார்த்து, பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்று மருத்துவம் படிக்கப் போனார். சென்னை ஸ்டான்லியில் படித்து, ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தார். முப்பது வயதையொட்டி முடக்குவாதம் வந்து அவரைப் படுக்கையில் தள்ளியது. பேனா பிடிக்கக்கூட விரல் மடங்காத நிலை. பிரசவம் பார்க்கும் கனவு அன்றோடு போயிற்று.

அந்த விரல்களை வைத்துக்கொண்டுதான் அவர் கண் மருத்துவம் படித்தார். கத்தியைப் பிடிக்கப் பழகினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்களைச் செய்து முடித்தார்.

இதைச் சொன்னவுடன் "ஆகா, என்ன மன உறுதி!" என்று நாம் கைதட்டுகிறோம். தட்டலாம், தவறில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வலியோடு மல்லுக்கட்டிய மனிதர் அல்ல. தன் விரல் எதுவரை வளையும், எதற்குமேல் வளையாது என்பதை அங்குலம் அங்குலமாகத் தெரிந்துகொண்டார். அந்த விரலுக்குத் தோதாகக் கருவிகளைச் செய்துகொண்டார். கையை ஒடிக்காமல் கருவியை மாற்றினார். தன்னைப் பேணுவது என்றால் இதுதான் என்று நான் நினைக்கிறேன். நம்மில் எத்தனை பேர் ரத்தக் கொதிப்பு மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தூக்கத்தைத் தொலைத்துவிட்டு, அதைக் கடமை உணர்ச்சி என்று சொல்லிக்கொள்கிறோம்! உங்கள் உடம்பின் எல்லையை நீங்களே மதிக்காவிட்டால், உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரின் உடம்பை எப்படி மதிப்பீர்கள்?

டாக்டர் வி. ஸ்ரீ அரவிந்தரிடமும் அவருடைய ஆசிரமத்து அன்னையிடமும் ஆழ்ந்த பற்றுக் கொண்டவர். மருத்துவமனைக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். தியானம் அவருடைய அன்றாடத்தில் இருந்தது. நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு தனக்குத்தானே கேள்விகள் எழுதுவார். என் பற்றுகள் எவை, அவை என் தீர்மானங்களை எப்படிக் கோணலாக்குகின்றன என்று தன்னையே விசாரித்துக்கொள்வார். பெரிய நிறுவனத்தின் தலைவர் அடுத்தவரைக் கேள்வி கேட்பது எளிது. தினமும் உட்கார்ந்து தன்னைக் கேட்டுக்கொள்வது அவ்வளவு எளிதல்ல.

தியானம் செய்கிறவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. காலையில் ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு, பத்து மணிக்கு அலுவலகத்தில் டீ கொண்டுவரும் பையன் மேல் எரிந்து விழுகிறவர்களையும் பார்க்கிறோம். ஆகவே ஒருவரின் தியானம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால்தான் அதன் தரம் தெரியும்.

டாக்டர் வி.யின் தியானம் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்ச் சேர்ந்தது. அங்கே டாக்டர் முன்னால் ஒரு மேஜை இருக்காது, இரண்டு மேஜை இருக்கும். ஒருவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். முதல் ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் இந்தப் பக்கம் திரும்புவார், வேலை தொடரும். ஒரு டாக்டர் ஆண்டுக்கு 2000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் செய்ய முடிவது இப்படித்தான். கூடவே நிற்பவர்கள் நம் கிராமங்களிலிருந்து வந்து, இரண்டு வருடம் பயிற்சி பெற்ற பெண்பிள்ளைகள். காசு கட்டிய நோயாளிக்கும் கட்ட வழியில்லாத நோயாளிக்கும் அதே டாக்டர்கள்தான் ஆபரேஷன் செய்கிறார்கள்.

மருத்துவமனை நடத்திய கண் சிகிச்சை முகாம்களின் கதை இன்னும் முக்கியம். இலவச ஆபரேஷன் என்று ஊர் ஊராக அறிவித்தும் பலர் வரவில்லை. "இலவசமாகக் கொடுத்தாலும் வர மாட்டேன் என்கிறார்களே" என்று சலித்துக்கொள்ள எல்லா நியாயமும் இருந்தது. மருத்துவமனைக்காரர்கள் சலித்துக்கொள்ளவில்லை, ஏன் வரவில்லை என்று போய்க் கேட்டார்கள். பார்வை மங்கிய கிழவிக்குப் பஸ் ஏற ஆள் வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும், மதுரையில் தங்கும் நாட்களில் சாப்பாடு வேண்டும். ஆபரேஷன் மட்டும் இலவசம் என்றால் இதற்கெல்லாம் அவள் எங்கே போவாள்? பஸ்ஸையும் சாப்பாட்டையும் மருத்துவமனையே ஏற்றது, ஆட்கள் வந்தார்கள். வெளிநாட்டு உள்விழி லென்ஸின் விலை ஏழைக்கு எட்டாது என்று தெரிந்ததும் 1992-ல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, லென்ஸை மதுரையிலேயே மலிவாகச் செய்தார்கள். கவனம் என்ற சொல்லை நான் இந்தப் பொருளில்தான் புரிந்துகொள்கிறேன். எதிரே இருப்பவரின் கஷ்டம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சரியாகத் தெரிந்துகொள்ளும் வரை விடாமல் பார்ப்பது.

இன்னொரு விஷயத்தையும் அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். டாக்டர் வி. மாதிரி உழையுங்கள் என்று சொல்லி அடுத்தவர் உழைப்பை உறிஞ்சுவதற்கு யாரும் அவர் பெயரை எடுக்கக் கூடாது. அவர் தன் உழைப்பைத் தானே மனமுவந்து கொடுத்தவர். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரிடம் தியாகத்தைக் கேட்டு வாங்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. இப்போது பல நிறுவனங்கள் ஊழியர்களுக்கு யோகா வகுப்பு நடத்துகின்றன. நடத்தட்டும். ஆனால் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டு மூச்சு விட நேரம் தராத நிர்வாகத்தை நான் நல்ல நிர்வாகம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் துணிக்கடைகளையும் நகைக்கடைகளையும் எண்ணிப் பாருங்கள். காலையில் வந்த பெண் இரவு கடை அடைக்கும்வரை நின்றுகொண்டே புடவையை விரித்துக் காட்டுகிறாள். குதிகால் வலித்தாலும், கால் நரம்பு சுருட்டிக்கொண்டாலும், மாதவிலக்கு நாட்களிலும் அதே நிலை. இப்படி நிற்பவர்களுக்கு உட்காரும் உரிமை தரும் சட்டம் கேரளத்தில் 2018-ல் வந்தது. நம் சட்டமன்றமும் 2021-ல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லோருக்கும் உட்கார இடவசதி இருக்க வேண்டும் என்று விதித்தது. ஒரு மனிதர் உட்காருவதற்குச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதே நம் எல்லோருக்கும் தலைகுனிவு.

இந்த அவையில் கடை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் நேராகவே கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலை கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டுமுன் ஒரு தரம் உள்ளே சுற்றிப் பாருங்கள். உங்களிடம் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார நாற்காலி இல்லையென்றால் நாளைக்கே வாங்கிப் போடுங்கள். அதில் அவர்கள் உட்காரும்போது அதட்டாதீர்கள்.