பழைய காகிதமும் புதுப் பணமும்



"பழைய புத்தகம், பழைய வரைபடம் வாங்கிப் போட்டா லாபம் வருமா அண்ணா?" என்று காலையில் ஒரு மாணவர் கேட்டார். பட்டவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

முதல் போனஸ் வந்த கையோடு, சோழமண்டலக் கடற்கரையின் 18-ஆம் நூற்றாண்டு வரைபடம் என்று சொல்லப்பட்ட ஒன்றை 25,000 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டு ஓடு மாற்ற அப்பா கேட்டிருந்த பணம் அது. "பத்து வருஷத்துல பத்து மடங்கு சார்!" என்றார் விற்றவர். எட்டு ஆண்டு கழித்து விற்கப் போனபோது, விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, "நீங்களே பாருங்க தம்பி" என்றார். கோடெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஆஃப்செட் அச்சு! செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டிருந்தால் கோடு அப்படி உடையாது. தகடு அழுந்திய தடம் ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும். மெக்கானிக்கல் படித்த எனக்கு இது தோணாமப் போச்சு!

சரி, அசலாகவே இருந்தால்? கணக்குப் போடுவோம். 1640-இல் இன்றைய அமெரிக்க மண்ணில் அச்சான 'பே சாம் புக்' நூலில் 11 பிரதிகளே மிஞ்சியுள்ளன. 1947-இல் ஒரு பிரதி 1,51,000 டாலருக்கு ஏலம் போனது. 2013-இல் இன்னொரு பிரதிக்குச் சுமார் 1 கோடியே 42 லட்சம் டாலர். ஏறத்தாழ 94 மடங்கு! ஆனால் 66 ஆண்டுக்குக் கூட்டு வட்டி போட்டால், ஆண்டுக்கு 7 சதவீதம்தான். அந்த விலையிலும் 16 லட்சம் டாலருக்கு மேல் ஏலக் கட்டணமாகவே போய்விட்டது. அபூர்வத்திலும் அபூர்வமான நூலுக்கே இவ்வளவுதான் என்றால், சாதாரணப் பழம்புத்தகத்துக்கு என்ன கிடைக்கும்? இடையில் வட்டி கிடையாது. கரையான், ஈரம், வெயில் மூன்றுக்கும் காவல் வேறு இருக்கணும்.

இன்னொன்று. 2005-இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் பிடிபட்ட வரைபட வியாபாரி ஒருவர், பல நூலகங்களிலிருந்து 97 வரைபடங்களைத் திருடியதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். ஆகவே பொருள் யார் யார் கை மாறி வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

ஓட்டை அப்புறம் கடன் வாங்கித்தான் மாற்றினோம். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. தம்பிகளே, ஆசைக்கு வாங்குங்க, படிக்க வாங்குங்க. ஓட்டுக் காசுல மட்டும் வாங்காதீங்க.