கடைக் கொப்பியும் வற் வரியும்



வற் என்கிற பெறுமதி சேர் வரி 2002 ஆகஸ்ட்டில் நம் நாட்டுக்கு வந்தது. 2024 ஜனவரி 1 இல் 15 வீதம் 18 வீதமாகக் கூடியது. "நாமளும் பதியணுமா?" என்று சின்னக் கடைக்காரருக்குப் பயம். 2024 எல்லைப்படி வருஷ விற்பனை 6 கோடி ரூபா. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 3 கோடி 60 லட்சமாக்க யோசனை வந்தது. அப்படிப் பார்த்தாலும் மாதம் 30 லட்சம் விற்கணும். லயத்துக் கடை எங்கே, அது எங்கே!

ஆனால் ஒன்று. பதியாத கடை பில்லில் வற் என்று தனியாகச் சேர்க்கக் கூடாது. 1,000 ரூபா சாமானுக்கு 180 ரூபா கூடக் கேட்டால், அது பிள்ளைகளின் சோற்றுக் காசு. மொத்தக் கடையில் கட்டின வற் வாங்கின விலையிலேயே அடங்கிவிட்டது. பாக்கெட்டில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேலும் கேட்கக் கூடாது. கேட்டால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 இல் சொல்லலாம்.

கடைக்காரரே, வாங்கியது, விற்றது, கடன் கொடுத்தது மூன்றையும் தினமும் கொப்பியில் எழுதுங்கள். பில்லுகளைப் பத்திரப்படுத்துங்கள். யாராவது வரி என்று வந்து மிரட்டினால் கொப்பிதான் உங்களுக்காகப் பேசும். எழுத வராதவர்கள் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள். சந்தேகமென்றால் பில்லோடு எங்களிடம் வாங்க, சேர்ந்து பார்ப்போம்.