அறிவை முதலாக்கிய சிறுநாடு

(தனித்தமிழ் அன்பர்களின் திங்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



'அறிவுப் பொருளியல்' என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இலக்கணம் நடத்துகின்ற ஒருவனுக்குப் பொருளியலில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆனால், ஒரு சிறுநாட்டின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அதன் பொருளியல் வகுப்பறையில் தொடங்கியதையும், அவ்வகுப்பறை தாய்மொழியின்மேல் நின்றதையும் கண்டேன். அதன்பின், இதைப் பற்றிப் பேச எனக்கும் உரிமை உண்டெனத் துணிந்தேன்.

அந்நாடு எசுத்தோனியா. ஐரோப்பாவின் வடகிழக்கு மூலையில், பால்டிக்குக் கடலோரத்தில் உள்ளது. அதன் மக்கள்தொகை 14 இலக்கத்தையும் எட்டவில்லை. நம் சென்னை மாநகரில் மூன்றில் ஒரு பங்கு மக்களும் அங்கு இல்லை என்றால் அதன் அளவு விளங்கும். பொன் விளையும் சுரங்கமில்லை. எண்ணெய்க் கிணறு இல்லை. காடும் சதுப்பும் நீண்ட குளிரும் நிறைந்த நிலம். அந்நாடுதான் இன்று கணினித் தொழிலிலும் மின்னாட்சியிலும் உலகம் திரும்பிப் பார்க்கும் நாடாக விளங்குகின்றது.

எப்படி நிகழ்ந்தது இது?

முதலில் அவர்கள் மொழியின் கதையைக் கேளுங்கள். எசுத்தோனியம் பின்னிய மொழியின் உறவுமொழி. சுற்றியுள்ள உருசியம், செருமானியம், சுவீடியம் ஆகியவற்றோடு அதற்குக் குடும்ப உறவு கிடையாது. தார்த்து நகரில் 1632-இல் ஒரு பல்கலைக்கழகம் தோன்றியது. நிறுவியவர் சுவீடிய மன்னர். அங்கே முதலில் இலத்தீனத்தில் கற்பித்தனர்; பின்னர்ச் செருமானியத்தில் கற்பித்தனர்; அதன்பின் உருசியத்தில் கற்பித்தனர். மண்ணின் மக்கள் பேசிய மொழியோ உழவர் மொழி, அடுக்களை மொழி என்று ஒதுக்கப்பட்டது. 1918-இல் நாடு விடுதலையை அறிவித்தது. அடுத்த ஆண்டே, 1919-இல், அப்பல்கலைக்கழகம் எசுத்தோனிய மொழிவழிப் பல்கலைக்கழகமாகத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 300 ஆண்டுக் காத்திருப்பு அது!

'உயர்ந்த அறிவியலைச் சொல்ல இம்மொழியில் சொல் உண்டா?' என்று கேட்டவர் அங்கும் இருந்தனர். அவர்களுக்கு விடையாக நின்றவர்களுள் ஒருவர் யோகன்னசு ஆவிக்கு என்னும் மொழியறிஞர். வட்டார வழக்குகளிலிருந்து சொல்லெடுத்தார்; உறவுமொழியாகிய பின்னியத்திலிருந்து எடுத்தார்; எங்கும் இல்லாத இடத்துத் தாமே படைத்தார். படைக்கருவி, கொடுங்குற்றம் என்னும் பொருள்களுக்கு அவர் படைத்த சொற்களை இன்றும் அந்நாட்டுச் செய்தித்தாள்கள் நாள்தோறும் எழுதுகின்றன. அவர் தம் மொழிச் சீர்திருத்தத்தில் முனைந்திருந்த அதே பத்தாண்டில், 1916-இல்தான் நம் மறைமலையடிகளார் தனித்தமிழ்க் கொள்கையைத் தொடங்கினார். ஒருவரையொருவர் அறியாத இரு மூலைகளில் ஒரே வேட்கை!

அவ்விடுதலை நெடுநாள் நிலைக்கவில்லை. 1940-இல் சோவியத்துப் படை புகுந்தது. அடுத்த ஆண்டு செருமானியப் படை வந்தது. 1944-இல் மீண்டும் சோவியத்து ஆட்சி. ஆவிக்கு சுவீடனுக்குப் பெயர்ந்து, 1973-இல் அங்கேயே மறைந்தார். எனினும் தாய்மொழிக் கல்வி அழியவில்லை. தலைநகராகிய தாலினில் 1960-இல் ஒரு தன்னாள்வியல் நிறுவனம் தோன்றியது. கணக்கறிவும் கணினியறிவும் பெற்ற ஒரு தலைமுறை அங்கு உருவாயிற்று. 1991 ஆகத்துத் திங்களில் நாடு மீண்டும் விடுதலை பெற்றபோது கருவூலம் வறண்டிருந்தது. ஆனால் கற்றவர் இருந்தனர். கற்பிக்கும் மொழியும் இருந்தது. அன்பர்களே, அவர்களிடம் இருந்த முதல் அவ்வளவே!

புதிய அரசினர் பெரும்பாலும் இளைஞர். 1992-இல் தலைமையமைச்சரான மார்ட்டு இலாருக்கு அகவை 32. பின்லாந்து தான் கழித்துவிட எண்ணிய பழைய தொலைபேசி இணைப்பகத்தை விலையின்றித் தர முன்வந்ததென்றும், 'வேண்டா' என மறுத்துத் தாம் புதியதையே நாடியதென்றும் அந்நாட்டார் அடிக்கடி சொல்வர். வறியவன் பழந்துணியை மறுப்பது செருக்கன்று; அஃது எதிர்காலத்தைப் பற்றிய தெளிவு.

அதனினும் பெரிய முடிவு 1996-இல் வந்தது. அதன் பெயர் 'புலிப்பாய்ச்சல்'. குடியரசுத் தலைவர் இலென்னார்ட்டு மெரி அதனை நாட்டுக்கு அறிவித்தார். பின்னாளில் தாமும் குடியரசுத் தலைவரான தூமசு என்றிக்கு இல்வெசு அவ்வெண்ணத்தை முன்வைத்தவர்களுள் ஒருவர். நாட்டின் பள்ளிகள் அனைத்திற்கும் கணினியும் இணையமும் தருவது திட்டம். தொழிற்சாலைக்கு முன்னரே, வணிக நிறுவனங்களுக்கு முன்னரே, பள்ளிக்கு! செலவின் ஒரு பங்கை உள்ளாட்சிகள் ஏற்றன. ஆசிரியர்க்குப் பயிற்சி தரப்பட்டது. 'சுண்ணக்கட்டிக்கே பணமில்லாத பள்ளிக்குக் கணினியா?' என்று எதிர்த்தவர்களும் இருந்தனர். எனினும் சில ஆண்டுகளில் சிற்றூர்ப் பள்ளிகளும் இணையத்தில் இணைந்தன.

இவ்விடத்தில் என் பட்டறிவு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நான் பணியாற்றிய ஒரு பள்ளிக்குப் பத்துக் கணினிகள் வந்தன. வந்த கிழமையே அறை பூட்டப்பட்டது. பொறி பழுதானால் யார் பொறுப்பு என்னும் அச்சம்! ஆண்டுக்கொருமுறை, கருவிகளுக்குப் படையல் வைக்கும் நாளில் மட்டும் அறையைத் திறந்து, கணினிகளுக்குச் சந்தனப்பொட்டு இட்டு, மீண்டும் பூட்டினார்கள். ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் சாளரக் கம்பி வழியே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "ஐயா, இதுல தமிழ் வருமாங்கய்யா?" என்று கேட்டான். "அதெல்லாம் வராது, போய்ப் படி" என்றேன்.

அன்பர்களே, நான் சொன்னது பொய். 1999-இலேயே சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டில் தமிழுக்கென விசைப்பலகை வரையறுக்கப்பட்டிருந்தது. நான் அறிந்திருக்கவில்லை. அறிய முயலவும் இல்லை. மேடைதோறும் தமிழ் வாழ்க என்று முழங்கிய நான், ஒரு சிறுவனிடம் தமிழால் இயலாது என்று சொல்லி அனுப்பினேன். பூட்டியவரைவிட என் குற்றமே பெரிது. அவர் அறையைப் பூட்டினார். நான் அவன் உள்ளத்தைப் பூட்டினேன்.

மீண்டும் அந்நாட்டுக்கு வருவோம். பள்ளியில் இட்ட வித்து அரசிலும் முளைத்தது. 2001-இல் அரசு அலுவலகங்களின் தரவுகளைப் பாதுகாப்பாக இணைக்கும் 'எக்சு சாலை' என்னும் அமைப்பு வந்தது. எல்லாத் தரவையும் ஒரே கிடங்கில் குவிப்பதில்லை. அவ்வவ் அலுவலகத்தின் தரவு அங்கங்கேயே இருக்கும். தேவைப்படும்போது முறைப்படி கேட்டுப் பெறலாம். அரசுக்கு ஒருமுறை கொடுத்த செய்தியை மறுமுறை குடிமகனிடம் கேட்கலாகாது என்பது கொள்கை. தன் செய்தியை எந்த அலுவலர் பார்த்தார் என்பதைக் குடிமகனே பார்த்துக்கொள்ளலாம். ஒரு சான்றிதழுக்காக நான்கு மேசைகளில் நின்றவர்க்கு இதன் அருமை தெரியும்! 2002-இல் மின்னணு அடையாள அட்டை வந்தது. 2005-இல், நாடு முழுவதற்குமான தேர்தலில் இணையவழி வாக்களிக்கும் முறையை உலகிலேயே முதலில் நடத்தினர். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் இணையவழி வந்தன. அவர்களின் எக்சு சாலையைப் பின்லாந்தும் ஐசுலாந்தும் மேற்கொண்டன. பழைய இணைப்பகத்தைக் கொடுக்க வந்த பின்லாந்து, அவர்களிடமிருந்து புதிய அமைப்பை ஏற்றது!

வணிகத்திலும் அவ்வாறே. 2003-இல் இணையவழிப் பேசும் 'இசுகைப்பு' வெளிவந்தது. முதலிட்டுத் தொடங்கிய இருவருள் ஒருவர் சுவீடியர், மற்றவர் தென்மார்க்கினர்; ஆனால் மென்பொருளை ஆக்கியவர்கள் தாலின் இளைஞர்கள். அது 2005-இல் 260 கோடி அமெரிக்க வெள்ளிக்கும், 2011-இல் 850 கோடி வெள்ளிக்கும் கைமாறியது. 2025 மே திங்களில் அதன் பணியே நிறுத்தப்பட்டது. ஆனால், நிறுவனம் மறைந்ததே தவிர, அறிவு மறையவில்லை. அங்குப் பழகியவர்கள் பணம் அனுப்பும் நிறுவனம் ஒன்றையும், தெருவில் தானே ஓடிப் பொருள்கொண்டு சேர்க்கும் சிறுபொறி செய்யும் நிறுவனம் ஒன்றையும் தொடங்கினர். தொழிற்சாலை மூடினால் சுவர் எஞ்சும். அறிவுத் தொழில் மூடினால் ஆள் எஞ்சுவான். அறிவுப் பொருளியல் என்பதன் உட்பொருள் இதுவே.

இங்கே அவர்களின் சொற்கள் இரண்டைச் சொல்ல விரும்புகிறேன். கணினியை அவர்கள் 'அர்வுத்தி' என்பர். எண்ணுதல், கணித்தல் என்னும் பொருளுடைய அவர்கள் வேரிலிருந்து பிறந்த சொல். நாம் கணித்தலிலிருந்து கணினி என்றோம். அவர்களும் அவ்வாறே ஆக்கினர். மென்பொருளை அவர்கள் 'தர்க்குவரா' என்பர். 'தர்க்கு' என்றால் அறிவுடைய. 'வரா' என்றால் செல்வம், உடைமை. அறிவுச் செல்வம்! கடையில் வாங்கும் சரக்கன்று. அறிவால் ஈட்டும் செல்வம் என்று பெயரிலேயே எழுதி வைத்துள்ளனர். அச்சொல்லைக் கேட்கும் எசுத்தோனியச் சிறுவனுக்கு அகரமுதலி வேண்டுவதில்லை. சொல்லே பொருளைக் காட்டுகின்றது. தாய்மொழிக் கலைச்சொல்லின் ஆற்றல் இதுதான்.

ஆயினும் அந்நாட்டில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2007 ஏப்பிரலில் அயலிலிருந்து வந்த பெரும் இணையத் தாக்குதலால் அவர்களின் வங்கிகளும் செய்தித்தாள்களும் அரசுத் தளங்களும் தடுமாறின. 2017-இல் ஏறத்தாழ 7,50,000 அடையாள அட்டைகளில் பாதுகாப்புப் பிழை தெரியவந்தது. அரசு அதனை வெளிப்படையாக அறிவித்துத் திருத்தியது. எல்லாவற்றையும் கணினியில் வைத்தவன் கணினியின் நோயையும் ஏற்றுத்தான் ஆகவேண்டும்.

மொழியிலும் சிக்கல் உண்டு. கணினியியல் மேற்பட்டப் படிப்பில் ஆங்கிலவழி வகுப்புகள் அங்கும் பெருகிவிட்டன. அதுபற்றி அவர்களுள் கவலையும் பூசலும் உண்டு. மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் உருசியர். விடுதலைக்குப்பின் அவர்களுள் பலர்க்குக் குடியுரிமை எளிதில் கிட்டவில்லை. அடிமைப்பட்டிருந்த மொழி ஆளும் மொழியாகும்போது பிறரிடம் எவ்வாறு நடந்துகொள்வது என்னும் வினா அவர்களுக்கு இன்னும் முழுதும் தீரவில்லை. மொழியுரிமை பேசும் நாமும் அதை நினைவிற் கொள்ளவேண்டும்.

அவர்களின் உயர்வுக்கு மொழி ஒன்றே கரணியம் என்றும் நான் சொல்லேன். பின்லாந்தின் அண்மை, 2004-இல் கிடைத்த ஐரோப்பிய ஒன்றிய உறுப்புரிமை, அயல் முதலீடு, அவர்கள் ஆங்கிலமும் கற்றமை ஆகிய எல்லாம் துணை செய்தன. ஆனால், ஆங்கிலத்தைச் சாளரமாக வைத்தனர். வாயிலாகத் தாய்மொழியையே வைத்தனர். 2006 முதல் எசுத்தோனிய மொழித் தொழில்நுட்பத்திற்கென்று அரசே தனித்திட்டம் வகுத்துப் பணம் ஒதுக்கியது. 2007-இல், தாக்குதல் நடந்த அதே ஆண்டில், தங்கள் அரசமைப்பின் முகப்புரையில், நாடு காக்கவேண்டியவற்றுள் ஒன்றாக 'மொழி' என்னும் சொல்லையும் சேர்த்தனர். ஏறத்தாழ 11 இலக்கம் பேர் பேசும் மொழிக்கு இவ்வளவு காப்பு! கோடிக்கணக்கானோர் பேசும் நம் மொழிக்கு?

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் குடிசார் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் 'தமிழில் படித்தால் வேலை கிடைக்குமா?' என்று பெற்றோர் கேட்கின்றனர். அவர்கள்மேல் பிழையில்லை. படிப்பு ஒரு மொழியிலும் அலுவலகம் வேறு மொழியிலும் இருந்தால் எந்தத் தாய்தான் தன் பிள்ளையைத் துணிந்து அனுப்புவாள்? எசுத்தோனியர் பள்ளி, பல்கலைக்கழகம், அரசு அலுவலகம், கணினித்திரை ஆகிய நான்கையும் ஒரே மொழிச்சங்கிலியில் கோத்தனர். நம்மிடம் கண்ணிகள் உண்டு, சங்கிலி இல்லை.

சங்கிலியைக் கோப்பது அரசின் கடன் என்று கூறி நாம் அமர்ந்துவிட முடியாது. நம் கையில் உள்ள கண்ணி எது? ஆசிரியர்களே, உங்கள் பள்ளியில் பூட்டிய அறை இருந்தால் திறவுகோலைக் கேளுங்கள். தமிழாசிரியரே முதலில் கேளுங்கள். கணினி பயின்ற இளைஞர்களே, கிழமைக்கு ஒருமணி நேரம் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதுவது எப்படி என்று தமிழில் விளக்குங்கள். புலவர்களே, கலைச்சொல்லை ஆக்கி நூலில் அடைத்துவைப்பதோடு நில்லாமல், அத்துறையில் பணிசெய்வோரிடம் அமர்ந்து, அவர்கள் வாயில் அது வழங்குகிறதா என்று கேட்டுத் திருத்துங்கள்.

சாளரக் கம்பியைப் பிடித்து நின்ற அந்த மாணவன் இன்று எங்கிருக்கிறான் என்று அறியேன். அவனுக்கு நான் ஒரு விடை கடன்பட்டிருக்கிறேன். இவ்வவையின் நடுவே அதனைச் சொல்கிறேன்: வரும் தம்பி, தமிழ் வரும். வரவைக்க வேண்டியவர்கள் நாங்கள். அன்று நான் அதைச் செய்யவில்லை, இனிச் செய்வேன்.

தமிழ் வெல்க!