மடங்காத விரல்கள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசாது விரல்வலி பேச வந்தோமே என்று சிலர் வியக்கக்கூடும். மூணாற்றிலும் பீர்மேட்டிலும், அப்பால் நெல்லியாம்பதி மலையிலும் நம் குடும்பங்களுக்குச் சோறிட்டவை விரல்களே அல்லவா? இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கொழுந்து கிள்ளுகையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை கூடிப் பிரிகின்றன! இன்று பல தோட்டங்களில் கத்தரி வந்துவிட்டது. அதை அழுத்துவதும் அதே கைதான்.

எங்கள் லயத்தில் விடியற்காலையில் அடுப்பின்மேல் கைகளை நீட்டி நிற்கும் தாய்மாரைக் கண்டு வளர்ந்தோம். குளிர் காய்கிறார்கள் என்றே எண்ணினோம். விரல் மடங்காமையால் நிற்கிறார்கள் என்பது இயன்முறைச் சிகிச்சை பயின்ற பின்னரே விளங்கிற்று. குறித்த எடைக்கு மேல் பறித்தால்தான் கூடுதல் காசு. ஆகவே வலியை வாய்விட்டுச் சொல்வாரில்லை.

கைகளுக்கான பெருமுயற்சி ஒன்று வேலூரில் நடந்தது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்டு, 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய ஒரு கையில் தம் கையைக் கொடுத்து இறுகப் பற்றச் சொன்னார். அந்தப் பிடி அவரையே நோகச் செய்தது! பயனற்றதென எல்லாரும் கைவிட்ட கையில் நல்ல தசை உயிரோடிருந்தது. நலமாயுள்ள தசைநாரை இடம் மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தினார். கத்திக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த உழைப்பைப் பலர் அறியார். இறுகிய மூட்டில் தசைநாரைத் தைத்துப் பயனில்லை. எனவே இளஞ்சூட்டு மெழுகாலும் எண்ணெயாலும் கையை இளக்கி, விரல்களை நீட்டி மடக்கிப் பழக்கினர். அறுவைக்குப் பின் இடம் மாறிய தசைக்குப் புதுவேலை கற்பித்தனர். கொச்சியில் பிறந்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தொன்றால் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே இத்தகைய கைகளுக்கு அறுவை செய்தார்.

நம் தாய்மாரின் நோய் பெரும்பாலும் வேறு. ஆயினும் இளக்குதலும் இயக்குதலும் இங்கும் உண்டு. பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் பத்து நிமிடம் கையை வைத்து, மெல்லக் கைப்பிடி மூடித் திறவுங்கள். பின் கட்டைவிரலால் ஒவ்வொரு விரல்நுனியையும் தொடுங்கள். நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை போதும். வலி நெடுநேரம் நின்றால் பயிற்சியைக் குறையுங்கள். "சொடக்கு எடுக்கிறேன்" என்று பிறர் விரலை இழுக்க விடாதீர்கள். அவ்வாறு இழுத்து வீங்கிய கைகளைப் பார்த்திருக்கிறோம்.

காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரு கை மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். தாமதியாது மருத்துவரிடம் செல்லுங்கள். மடக்கிய விரல் சிக்கிக்கொண்டு, பின் வெடுக்கென நிமிர்ந்தாலும் காட்டுங்கள். வலியே தெரியாத மரத்த கையை மட்டும் வெந்நீரில் இடவேண்டா. வெந்து புண்ணாவதும் தெரியாது. தோலில் உணர்வற்ற வெளிறிய தேமல் இருந்தால் மறைக்கவும் வேண்டா. தொழுநோய் மருந்தால் குணமாகிறது. அரசு அதனை இலவசமாகவே வழங்குகிறது.

பின்கட்டில் இரண்டு அண்டாக்களில் வெந்நீர் வைக்கச் சொல்லியிருக்கிறோம். விரல் இறுகியவர்கள் உணவுக்கு முன் அங்கு வாருங்கள், செய்து காட்டுகிறோம்.