வேதிச்சிகிச்சை: சேத்துப்பட்டு ஆய்வும் அதன் பின்னும்

நோய்க்கிருமியையோ கட்டுக்கடங்காமல் பெருகும் உயிரணுவையோ வேதிப்பொருளால் அழித்து, நோயாளியின் உடலைக் கூடியவரை காக்கும் முறையே வேதிச்சிகிச்சை. கீமோதெரபி என்றதும் இன்று பலருக்கும் புற்றுநோய்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஜெர்மனியில் பால் எர்லிக் இந்த முறைக்குப் பெயரிட்டபோது அவர் மனத்தில் இருந்தவை தொற்றுநோய்கள். அவருடைய ஆய்வகத்தில் சகாச்சிரோ ஹாட்டா 1909இல் சோதித்த 606ஆம் எண் ஆர்செனிக் சேர்மம், மறு ஆண்டே சால்வர்சான் என்ற பெயரில் கிரந்தி நோய்க்கு மருந்தாக வந்தது. கிருமியைக் கொல்லும் அளவுக்கும் நோயாளியைக் கெடுக்கும் அளவுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதே இவ்வகை மருந்துகளுக்கு உரைகல். புற்றுநோயில் அந்தத் தூரம் மிகக் குறைவு. தாக்கப்படுவது நோயாளியின் சொந்த உயிரணு. முடி உதிர்வதும் வாய் புண்ணாவதும் அதனால்தான்.

இந்த முறையின் வலிமையையும் வரம்பையும் ஒருசேரக் காட்டிய நோய் காசநோய். 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு சோதித்து, 1948இல் முடிவை வெளியிட்டது. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது இறந்தவர்கள் முறையே 32, 35. கிடைத்த நன்மையில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது.

காரணம் எளிது. நுரையீரலில் விழுந்த ஒரு குழியில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றுள் பத்து லட்சத்தில் ஒன்றுக்கு ஒரு மருந்து எடுபடாது என்று கொண்டால், அந்த மருந்தை மட்டும் கொடுக்கும்போது மற்றவை மடிய, அந்தச் சில பெருகிக் குழியை நிரப்பும். அதே கணக்கில், இரண்டு மருந்துகளுமே எடுபடாத கிருமி லட்சம் கோடியில் ஒன்றுதான். கூட்டு மருந்து கொடுப்பதன் நியாயம் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

1952இல் விலை மலிவான ஐசோனியசிட் வந்தது. ஆனாலும் நோயாளிகளைச் சானடோரியத்தில் சேர்த்து, நல்ல உணவும் ஓய்வும் தந்தாக வேண்டும் என்ற நம்பிக்கை அசையவில்லை. இந்தியாவில் இருந்த படுக்கைகளோ நோயாளிகளில் சிறு பகுதிக்குக்கூடப் போதாது. இந்த நெருக்கடியில்தான் 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, நகரின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளை, ஐசோனியசிட்டையும் பாஸ் எனப்படும் பாரா-அமினோ சாலிசிலிக் அமிலத்தையும், ஓராண்டு கொடுத்தது. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அவர்களுடைய உணவும் சானடோரிய உணவைவிட மிகக் குறைவு. வயிற்றைப் புரட்டும் பாஸை நாள்தோறும் விழுங்குவது லேசான காரியமல்ல. அதனால் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய், மிஞ்சிய மருந்தை எண்ணி, சிறுநீரையும் சோதித்தனர்.

1959இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குப் பின் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. வீட்டில் சிகிச்சை நடந்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவும் இல்லை. குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் கிடக்க வேண்டியிருந்த ஏழைக்கு இதைவிடப் பெரிய நற்செய்தி அந்தக் காலத்தில் வேறில்லை என்றே கூறலாம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதே குணத்தைத் தீர்மானிக்கிறது என்று தெளிந்ததும், பணியாளர் கண்ணெதிரில் வாரம் இருமுறை மருந்து தரும் முறையையும் இதே மையம் சோதித்தது. நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு வேர் அங்கே இருக்கிறது.

கூட்டு மருந்தின் தர்க்கம் புற்றுநோய்க்கும் சென்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் வழிநடத்திய லெடர்லே ஆய்வகம் உருவாக்கிய அமினோப்டெரின், 1948இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பரின் கையில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைச் சில மாதங்களே தணித்தது. 1960களில் அமெரிக்காவில் மருத்துவர்கள் ஃப்ரையும் ஃப்ரைரைக்கும் காசநோய் அனுபவத்தைப் பின்பற்றிப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த பிறகே நிலையான குணம் கைகூடத் தொடங்கியது.

காசநோயில் ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் சேர்ந்தபின், சிகிச்சைக் காலம் ஆறு மாதமாகச் சுருங்கியது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். பிறகு எண்ணிக்கை குறையும். ஐசோனியசிட்டும் ரிஃபாம்பிசினும் எடுபடாத நோய்க்கு அண்மைக்காலம் வரை ஒன்றரை ஆண்டுக்கு மேலும் சிகிச்சை நீண்டது. பெடாகுவிலின், பிரிட்டோமானிட், லினசோலிட், மாக்சிஃபிளாக்சசின் ஆகிய நான்கையும் ஆறு மாதம் கொடுக்கும் முறையை உலக சுகாதார அமைப்பு 2022இல் பரிந்துரைத்தது.