மா. கிருஷ்ணனும் நம் வகுப்பறையும்

(திருவில்லிபுத்தூரில் நடந்த பசுமைப்படைப் பொறுப்பாசிரியர்கள் கூட்டத்தில், ராஜபாளையம் பகுதி அரசுப் பள்ளி ஆசிரியர் ஆற்றிய உரை)



இந்தியாவில் காட்டுயிர்களுக்காக முதலில் எழுந்த குரல்களில் ஒன்று மா. கிருஷ்ணனுடையது. 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். 1940களில் சண்டூர் சமஸ்தானத்தில் பல பணிகள் பார்த்தார். அவற்றில் பள்ளி ஆசிரியர் பணியும் ஒன்று. ஆகவே அவர் நம்மவர்!

கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் இரு வாரங்களுக்கு ஒருமுறை எழுதினார். 46 ஆண்டுகள்! 1996 பிப்ரவரி 18, அவர் மறைந்த அன்றும் அவரது கட்டுரை வெளிவந்தது. யானையை எழுதிய அதே அக்கறையோடு வீட்டருகே திரியும் காக்கையையும் எழுதினார். கருப்பு வெள்ளையில் படமும் எடுத்தார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' நம் பள்ளி நூலகங்களில் இருக்க வேண்டிய நூல்.

ஒரு நாட்டின் அடையாளம் அதன் இயல்பான மரம் செடிகளிலும் உயிரினங்களிலும் இருக்கிறது என்பது அவர் கருத்து. காடுகளில் அயல் மரங்களை நடுவதை எதிர்த்தார்.

நம் ஊருக்கு மேற்கே உள்ள மலை 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது. இந்த அணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. கிளைக்குக் கிளை தாவியே நடமாடும். இடையில் சில மரங்களை வெட்டினால் அதன் பாதை அறுந்துவிடும்.

எட்டாம் வகுப்பில் பத்துக் காட்டு விலங்குகளை எழுதச் சொன்னேன். சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வந்தன. சாம்பல் அணில் வரவில்லை. மலையடிவாரத்திலிருந்து வரும் மாணவனிடம் கேட்டேன். "எங்க தோப்புப் புளியமரத்துல கூடு கட்டியிருக்கு சார். பாடத்துல இல்லையே, அதான் எழுதல" என்றான்.

தான் கண்டது அறிவாகாது என்று ஒரு பிள்ளை நினைத்தால், நாளை அந்தப் புளியமரத்தை வெட்டும்போது அவன் என்ன சொல்வான்?

இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. காட்டுக்குள் போகவும் வேண்டாம். வகுப்புக்கு ஒரு நோட்டு போதும். இரு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையும் தான் பார்த்த ஓர் உயிரைப் பற்றி எழுதட்டும். நாள், நேரம், எந்த மரம், அது என்ன செய்தது, தாத்தா பாட்டி அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பவை இருக்கட்டும். பார்க்காததை எழுத வேண்டாம்.

என் வகுப்பு நோட்டின் முதல் பக்கத்தில் அந்தப் புளியமரம் இருக்கிறது. உங்கள் வகுப்பிலும் ஒரு நோட்டைத் தொடங்குங்கள்.