ஓர் எழுத்தின் வேறுபாடு

(பங்கின் பொன்விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இக்கோவிலை எழுப்ப நம் முன்னோர் கல்லும் மண்ணும் சுமந்ததை இன்று நன்றியோடு நினைவுகூர்கிறோம். சுவரில் விரிசல் விழுந்தால் உடனே கொத்தனாரை அழைக்கிறோம். விசுவாசத்தில் விழும் விரிசலோ கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை.

தப்பறை என்றதும், வெளியே நின்று கல்லெறியும் பகைவனையே நினைக்கிறோம். நான்காம் நூற்றாண்டில் திருச்சபையை உலுக்கிய தப்பறையோ பீடத்தின் அருகிலேயே பிறந்தது. ஆரியுஸ் அலெக்சாந்திரியா நகரின் குரு. தவ ஒழுக்கம் உடையவர். அவர் கிறிஸ்துவை இகழவில்லை; படைப்புகளிலெல்லாம் தலைசிறந்தவர் என்று புகழ்ந்தார். அப்புகழ்ச்சியிலேயே நஞ்சு இருந்தது. தலைசிறந்ததானாலும் படைப்பு படைப்புத்தானே! நீதிமொழிகள் 8-ஆம் அதிகாரத்தையே அவர் தரப்பினர் சான்றாகக் காட்டினர். எளிய மக்கள் பாடும்படி பாட்டாகவும் கட்டிப் பரப்பினார்.

இதனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். நம்மை மீட்க வந்தவர் கடவுள் அல்லவென்றால், நம்மைக் கடவுளோடு இணைக்க அவரால் எப்படி இயலும்? புனித அத்தனாசியார் எழுப்பிய கேள்வி இதுவே.

325-ல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டது. பின்னர் சிலர், ஒத்த பொருளானவர் என்றால் போதாதா என்றனர். கிரேக்க மொழியில் இவ்விரு சொற்களுக்கும் ஓர் எழுத்தே வேறுபாடு. 359-ல் பேரரசரின் நெருக்குதலால் ஆயர்கள் பலர் மழுப்பலான வாசகத்தில் கையொப்பமிட்டனர். அத்தனாசியாரோ ஐந்து முறை, ஏறக்குறைய 17 ஆண்டுகள், நாடு கடத்தப்பட்டும் தலைமறைவாகியும் வாழ்ந்தார். அவர் 373-ல் இறந்தார். 381-ல் கொன்ஸ்தாந்தினோபிள் சங்கம் நிசேயாவின் விசுவாசத்தை உறுதிசெய்தது.

அந்த இருண்ட நாட்களில் விசுவாசத்தைக் காத்ததில் பொதுமக்களுக்குப் பெரும் பங்குண்டு என்று புனித ஜான் ஹென்றி நியூமன் 1859-ல் எழுதினார். திருமுழுக்கில் பெற்றதை அவர்கள் கைவிடவில்லை.

நிசேயாவுக்கு 2025-ல் 1700 ஆண்டுகள் நிறைவுற்றன. ஆயினும் பழைய தப்பறை புதுச் சட்டை அணிந்து வருகிறது. இயேசு நல்ல மனிதர், பெரிய ஞானி, அவ்வளவுதான் என்பார்கள். விவிலிய வசனத்தோடும் இனிய பாட்டோடும் அது நம் கைப்பேசிக்கே வரும். வசனம் இருப்பதாலேயே எல்லாம் வேதமாகிவிடாது.

ஆகவே அன்பர்களே, விசுவாசப் பிரமாணத்தை வாய் மட்டும் சொல்ல விடாதீர்கள்; ஒவ்வொரு சொல்லின் பொருளையும் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். ஐயம் எழுந்தால் மறைக்காமல் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். கேட்பது பாவமல்ல, கேளாமல் நழுவிப்போவதே ஆபத்து.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். ஓர் எழுத்துக்காகப் போராடிய அத்தனாசியார், 362-ல் அலெக்சாந்திரியாவில் சங்கம் கூட்டி, மனந்திரும்பி வந்தவர்களைக் கனிவோடு ஏற்றுக்கொண்டார். தவற்றோடு சமரசம் வேண்டாம். தவறியவர்மேல் வெறுப்பும் வேண்டாம். நம்மைவிட்டு விலகிய உறவினர் நம் வீடுகளிலும் உண்டு. அவர்களுக்காகக் கதவு திறந்திருக்கட்டும். உள்ளே விளக்கும் எரியட்டும்.

இறைவன் நம் பங்கைக் காப்பாராக!